சிலம்பாயியும் நீச்சல் மறந்த நீர்நாயும்

முன்னொரு காலத்திலே, மலைகளுக்கெல்லாம் இன்னும் பேர் வைத்து முடிக்காத காலத்திலே, ஏழாற்று நாடு என்று ஒரு நாடு இருந்தது. பேருக்குத்தான் ஏழு. ஓடினது ஒன்றே ஒன்று. மிச்சமெல்லாம் எங்கே போச்சு என்று என்னைக் கேட்காதீர்கள், நான் அந்த ராஜாவிடம் வேலை பார்த்தவனில்லை.

அந்த ஆற்றங்கரையில் சிலம்பாயி என்று ஒருத்தி. வயது நாற்பத்தாறு. "மாயாஜாலக் கதையிலே நாற்பத்தாறு வயசுப் பொம்பளையா? இளவரசி எங்கே?" என்று மூஞ்சியைச் சுளிக்கிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம். இளவரசிக்கு என்ன குறைச்சல்? அழுதால் கண்ணைத் துடைக்கத் தோழி உண்டு, ஆபத்து வந்தால் குதிரை ஏறி வர ஒருத்தன் உண்டு. சிலம்பாயிக்கு யாரும் கிடையாது. அதனால்தான் அவள் கதையைச் சொல்கிறேன்.

அவள் புருஷன் மாரப்பன் பரிசல்காரன். பரிசல் தெரியும்தானே? மூங்கிலைக் கூடை மாதிரி பின்னி, அடியிலே தோல் போர்த்தி ஆற்றில் விடுகிற வட்டப் படகு. அதற்கு முன்னும் கிடையாது, பின்னும் கிடையாது. துடுப்புப் போடத் தெரியாதவன் ஏறினால் நின்ற இடத்திலேயே தட்டாமாலை சுற்றும். மாரப்பன் துடுப்புப் போடுவான். சிலம்பாயி எதிரே உட்கார்ந்து நீரோட்டம் பார்த்துச் சொல்வாள்.

"மாமா, இடப்பக்கம் பாறை."

"பார்த்துட்டேன்டி."

"மாமா, சுழி வருது."

"வரட்டும்டி."

இருபத்தைந்து வருஷம் இப்படியே பேசிப் பேசி ஆற்றைக் கடந்தார்கள். ஒரு பெண் பிறந்தாள், அந்தப் பரிசலிலேயே தவழ்ந்தாள், வளர்ந்தாள். அவளை ஏழு மலை தாண்டிக் கட்டிக் கொடுத்தார்கள். அதற்கடுத்த மாசியில் மாரப்பனுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றே நாள்தான். போய்விட்டான்.

அந்தக் கரையில் ஒரு வழக்கம். பரிசல்காரர் வீட்டில் சாவு விழுந்தால் பரிசலைக் கரையில் கவிழ்த்து வைத்துவிட வேண்டும். வீட்டுக்காரர்களாக அதை நிமிர்த்தக் கூடாது. அக்கரை போகிறவர் யாராவது வந்து நின்று, "பரிசலோய்!" என்று மூன்று தரம் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் துக்கம் கழிந்தது, நிமிர்த்திக்கொள்ளலாம். நல்ல வழக்கம்தான். ஆனால் நடந்தது என்ன தெரியுமா? ஊர்க்காரர்கள் எல்லாரும் நல்லவர்கள். "பாவம், அவளைப் போய்த் தொந்தரவு பண்ணுவானேன், மனசு தேறட்டும்" என்று அரைக்காதம் சுற்றி, மேலத்துறைக்கு நடந்து போய் ஆற்றைக் கடந்தார்கள். சிலம்பாயியோ வாசலில் உட்கார்ந்து பாதையைப் பார்த்துக்கொண்டு, "நம்மளை இனி யாருக்கும் வேண்டாம் போலிருக்கு" என்று நினைத்துக்கொண்டாள். ஒரு நாளா, ஒரு மாசமா? மூன்று வருஷம்! நல்ல மனசுக்காரர்களாகச் சேர்ந்து ஒருத்தியை ஒண்டிக்கட்டையாக உட்கார வைத்துவிட்டார்கள். எனக்கு இதை நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

அவள் சுவரோடு பேசினாள், அடுப்போடு பேசினாள், கவிழ்ந்து கிடந்த பரிசலோடு பேசினாள். எதுவும் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நாளில் பேசுவதையும் விட்டுவிட்டாள்.

ஒரு வைகாசி மாதக் காலை. சிலம்பாயி கேழ்வரகுக் கூழைக் கரைத்துக்கொண்டிருந்தாள். துறையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"பரிசலோய்!"

கை அப்படியே நின்றது. "பிரமையாத்தான் இருக்கும்" என்றாள்.

"பரிசலோய்!"

எழுந்து நின்றாள்.

"பரிசலோய்! காது அடைச்சுப் போச்சா? எத்தனை தரம் கத்துறது?"

விழுந்தடித்துக்கொண்டு ஓடினாள். துறையில் மனுஷர் யாரும் இல்லை. ஒரு நீர்நாய்தான் இருந்தது. பழுப்பு உடம்பு, தட்டை வால், முகமெல்லாம் மீசை. உடம்பு காய்ந்து ரோமம் திட்டுத்திட்டாக உதிர்ந்திருந்தது. பின்னங்கால்களில் நின்றுகொண்டு அவளை முறைத்தது.

"நீயா கூப்பிட்டே?"

"இங்கே வேற யாரு இருக்கா? நடுத்திட்டுக்குப் போகணும், பரிசலை எடுக்கா."

சிலம்பாயிக்கு மூன்று வருஷத்துக்கு அப்புறம் முதல் முதலாகச் சிரிப்பு வந்தது. "ஏடி, நீ நீர்நாய். உனக்கு எதுக்குடி பரிசல்? நீந்திப் போயேன்!"

நீர்நாய் தலையைத் தொங்கப் போட்டது. "நீச்சல் மறந்துபோச்சுக்கா" என்றது.

நடந்த கதை இதுதான். ஆற்று நடுவிலே ஒரு திட்டு. அதைச் சுற்றி ஆனையையே இழுத்துப் போடுகிற ஒரு சுழி, அதனால் அதற்கு ஆனைச்சுழி என்று பேர். அந்தத் திட்டில் ஏகசடையன் என்று ஒரு மந்திரவாதி. அவனிடம் ஒரு தாழி, ஆள் உயரத்தில் பாதி. அதில் நிறையத் தண்ணீர். எட்டிப் பார்த்தால் நம்முடைய பழைய நாட்கள் அப்படியே தெரியும். பார்க்கிறவர் கண்ணை எடுக்க மாட்டார். பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். உட்கார உட்கார, அவருடைய கெட்டிக்காரத்தனமும் மிச்ச ஆயுசும் சொட்டுச் சொட்டாகத் தாழிக்குள் இறங்கும். அந்தத் தண்ணீரைக் குடித்துக் குடித்துத்தான் ஏகசடையன் முந்நூறு வயதிலும் மாப்பிள்ளை மாதிரி இருந்தான்.

"எம் குட்டிங்க நாலும் சின்னதா இருந்தப்ப அதுங்களோட நீந்தினது தெரிஞ்சுது" என்றது நீர்நாய். "அதுங்க வளர்ந்து ஆளுக்கொரு பக்கம் போயிருச்சு. நான் பார்த்துக்கிட்டே இருந்துட்டேன். வெள்ளம் வந்து என்னை இழுத்துட்டுப் போனப்பதான் முழிச்சேன். கைகால் எப்படிப் போடறதுன்னே தெரியலை. ஒரு கட்டையைப் பிடிச்சுக் கரை சேர்ந்தேன். நீச்சல் போன இடத்துல இந்த மனுஷப் பேச்சு வந்து உக்காந்துக்கிச்சு."

"சரி, நீச்சல் இல்லாட்டி என்ன? இங்கேயே கிட."

"நீர்நாய் உடம்பு காயக்கூடாதுக்கா. ஆடிப்பெருக்குக்குள்ள நீச்சல் திரும்பி வரலேன்னா நான் செத்துப் போவேன்."

சிலம்பாயி பரிசலின் விளிம்பைப் பிடித்தாள், ஒரு மூச்சு வாங்கினாள், நிமிர்த்தினாள். அடியிலிருந்து இரண்டு பூரானும் ஒரு தவளையும் ஓடின.

நிமிர்த்திவிட்டால் ஆச்சா? அவள் எந்நாளும் எதிர்ப்பக்கம் உட்கார்ந்தவள். துடுப்பைப் பிடித்ததே கிடையாது. முதல் நாள் பரிசல் சுற்றோ சுற்று என்று சுற்றியது. நீர்நாய் எதிரே உட்கார்ந்துகொண்டு அதிகாரம் பண்ணியது.

"வலப்பக்கம் போடு! வலப்பக்கம்னா உன் வலப்பக்கம்!"

"வாயை மூடுடி, எனக்குத் தலை சுத்துது!"

"எனக்கு மட்டும் என்ன, தாலாட்டா பாடுது?"

ஒரு வாரத்தில் பத்தடி நேராகப் போனாள். இரண்டாம் வாரத்தில் பாறையைச் சுற்றி வந்தாள். மூன்றாம் வாரத்தில் ஒரு நாள், தயிர்க்காரி அங்காயி கூடையோடு மேலத்துறைக்குப் போகிறவள் கரையில் நின்று வாயைப் பிளந்தாள்.

"சிலம்பாயி! நீயா ஓட்டறே? இத்தனை நாளா ஏன்டி சொல்லலை?"

"நீ ஏன்டி கூப்பிடலை?"

"நீ துக்கத்துல இருக்கே, எப்படிக் கூப்பிடறதுன்னு..."

"நான் கூப்பிடுவாங்கன்னு மூணு வருஷமாக் காத்துக்கிட்டு இருந்தேன்டி!"

அங்காயி தலையில் அடித்துக்கொண்டு, கூடையோடு பரிசலில் ஏறிக்கொண்டாள். அன்றைக்கு அக்கரைக்குத் தயிர் சுற்றுவழி போகாமல் நேராகப் போனது.

வீடும் மாறியது. நீர்நாய்க்கு வழுக்கி என்று பேர் வைத்தாள் சிலம்பாயி. அது அரிசிப் பானைக்குள் தூங்கியது. உலர்த்தின சேலையை இழுத்துக்கொண்டு ஓடியது. வாங்கி வைத்த மீனைக் கழுவுவதற்குள் தின்றுவிட்டு, "பூனை வந்ததுக்கா" என்று கூசாமல் பொய் சொன்னது. அவளும் வைவாள். வைது முடித்து, மாரப்பன் கதை ஒன்றைச் சொல்வாள். கல்யாணத்தன்று அவன் ஆற்றில் விழுந்த கதை, பெண்ணுக்குக் காது குத்தும்போது அவன் மயங்கி விழுந்த கதை. வழுக்கி கண்ணை உருட்டிக்கொண்டு கேட்கும். "அப்புறம் என்னாச்சு?" என்று கேட்கும். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் பேச்சுக்கு ஒரு "அப்புறம்" கிடைத்தது.

ஆனால் ஆனி பிறந்ததும் வழுக்கி பொய் சொல்வதைக்கூட நிறுத்திவிட்டது. மீனை மோந்து பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது. ஈரத்துணியைப் போர்த்தினாலும் உடம்பு ஈரம் வாங்கவில்லை. ஆடிப்பெருக்குக்கு இரண்டு நாள் இருக்கும்போது, அதை மடியில் கட்டிக்கொண்டு பரிசலில் ஏறினாள் சிலம்பாயி.

ஆற்றில் புதுவெள்ளம் செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. ஆனைச்சுழி மூன்று தரம் இழுத்தது. முதல் தரம் துடுப்பு கையை விட்டுப் போகப் பார்த்தது. இரண்டாம் தரம் பரிசல் பாதி சாய்ந்தது. மூன்றாம் தரம் வழுக்கி ஈனக்குரலில், "சுழியை எதுத்துப் போகாதேக்கா, அது கூடவே ஒரு சுத்து சுத்தி விளிம்புல வெளியே வா" என்றது. அவளும் கூடவே சுற்றி, விளிம்பில் வெளியே வந்து, பரிசலைத் திட்டில் சேர்த்தாள்.

இறங்குவதற்கு முன்னால் வழுக்கி அவள் சேலையைப் பற்றிக்கொண்டது.

"அக்கா, ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். மறக்கலை, மறைச்சேன். நீச்சல் திரும்பி வந்தா இந்தப் பேச்சு போயிரும்."

சிலம்பாயி துடுப்பைக் கீழே வைத்தாள். மறுபடியும் சுவரா? மறுபடியும் அடுப்பா? அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்புறம் மூக்கைச் சிந்திப் போட்டாள்.

"பேச்சு போனா போகுது. உசுரு இருக்கட்டும். வாடி."

திட்டில் தாழி இருந்தது. அதைச் சுற்றி மூன்று பேர் உட்கார்ந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர் படைத்தளபதி, ஒருத்தர் நாதஸ்வரக்காரர், ஒருத்தி அரண்மனைச் சமையல்காரி. மூன்று பேருக்கும் தலை பாதி நரைத்திருந்தது, இடுப்பு வரை புல் முளைத்திருந்தது. பக்கத்தில் ஊஞ்சலில் ஆடிக்கொண்டிருந்தான் ஏகசடையன். ஒற்றைச் சடை தரையில் புரண்டது. முகம் மட்டும் வழவழவென்று இருந்தது.

"வா தாயி! நீர்நாயோட நீச்சலைக் கேட்டு வந்திருக்கே. தாராளமாத் தரேன். தாழிக்குள்ளே மூணு தரம் பாரு. மூணு தரமும் நீயாக் கண்ணை எடுத்துட்டா நீச்சல் உன்னுது. எடுக்கலைன்னா நீ என்னுது, நீர்நாயும் என்னுது. சம்மதமா?"

"சம்மதம்."

வழுக்கியைத் தரையில் கிடத்திவிட்டு முதல் தரம் பார்த்தாள். அவள் கல்யாணம். மணக்கோலத்தில் மாரப்பன் பரிசலில் எழுந்து நின்று கூட்டத்துக்குக் கும்பிடு போட்டு, அப்படியே தொபுக்கென்று தண்ணீரில் விழுந்தான். நாதஸ்வரம் நின்று, ஊரே சிரித்தது. அவளும் சிரித்தாள், கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை எடுத்தாள்.

இரண்டாம் தரம் பார்த்தாள். பரிசலுக்குள் அவள் பெண் தவழ்ந்தது. தண்ணீரைத் தட்டிவிட்டு, நனைந்த கையை அம்மாவின் கன்னத்தில் வைத்தது. அந்தக் கை சில்லென்று கன்னத்தில் படவே பட்டது. சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு கண்ணை எடுத்தாள்.

மூன்றாம் தரம் பார்த்தாள்.

இந்தத் தரம் கல்யாணமும் இல்லை, குழந்தையும் இல்லை. ஏதோ ஒரு மத்தியானம். எந்த வருஷம் என்றுகூடத் தெரியாது. கரையில் வேப்பமர நிழலில் மாரப்பன் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நேற்று வைத்த மீன்குழம்பை ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். முதுகில் வேர்வை. ஒரு வாய் எடுத்து வைத்துவிட்டு, நிமிர்ந்து அவளைப் பார்த்து, "உப்பு கம்மிடி" என்றான்.

அவ்வளவுதான். சிலம்பாயி உட்கார்ந்துவிட்டாள்.

நீங்களே சொல்லுங்கள், கல்யாணத்தைத் தாண்டிவிடலாம், குழந்தை தவழ்ந்ததைத் தாண்டிவிடலாம். ஒன்றுமே நடக்காத ஒரு மத்தியானத்தைத் தாண்ட முடியுமா? அதில்தானே ஐயா நாம் குடியிருந்தோம்!

பாதத்தில் புல் முளைத்தது. "அக்கா! அக்கா!" என்று வழுக்கி முனகியது அவள் காதில் ஏறவில்லை. ஏகசடையன் ஊஞ்சலை நிறுத்திவிட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டான்.

சிலம்பாயி புருஷனையே பார்த்தாள். பார்க்கப் பார்க்க, பேச வேண்டும் போலிருந்தது. வெளியூர் போய் வந்த பெண்டாட்டிக்குப் புருஷனைக் கண்டதும் சேதி சொல்ல வாய் துறுதுறுக்காதா, அப்படித் துறுதுறுத்தது.

"மாமா, ஒரு சங்கதி தெரியுமா? நம்ம பரிசலை இப்ப நான் ஓட்டறேன். ஆனைச்சுழியைத் தாண்டி வந்துட்டேன், நானே!"

"உப்பு கம்மிடி" என்றான் மாரப்பன்.

"அது கெடக்குது மாமா. நம்ம வீட்டுல ஒரு நீர்நாய் இருக்குது. பேசுது! மீனைத் தின்னுட்டுப் பூனை வந்ததுன்னு பொய் சொல்லுது!"

"உப்பு கம்மிடி."

"மாமா, அதுக்கு உடம்பு சரியில்லை. எனக்குப் பயமா இருக்குது மாமா. என்னைப் பாருங்களேன்!"

"உப்பு கம்மிடி."

"எம் மாமனா இருந்தா" என்றாள், "பேசற நீர்நாய்னு கேட்ட மாத்திரத்துல தட்டைத் தள்ளிட்டு எந்திரிச்சிருப்பாரு. விழுந்து விழுந்து சிரிச்சிருப்பாரு. எனக்குப் பயம்னா ஒரு வாய் சோறு உள்ளே எறங்குமா அவருக்கு? இது எம் மாமன் இல்லை. அவரு சாப்பிட்ட ஒரு மத்தியானம். இதுக்குக் காது இல்லை."

சொல்லிவிட்டு, ஆசை தீர இன்னும் ஒரே ஒரு கணம் பார்த்தாள். வேப்பநிழல், வேர்வை முதுகு, மீன்குழம்பு. "போயிட்டு வரேன் மாமா" என்றாள். காலைப் பிடித்திருந்த புல்லைப் பிய்த்துக்கொண்டு, மூன்றாம் தரமும் கண்ணை எடுத்தாள்.

முந்நூறு வருஷமாகப் பழசை மட்டுமே சுமந்த தாழி அது. புதுச்சேதியை அதனிடம் யாரும் சொன்னதில்லை. சிலம்பாயி சொன்ன மூன்று சேதிக்கும் மூன்று விரிசல் விட்டது. படீர்! தாழி உடைந்தது, தண்ணீர் திட்டெல்லாம் பாய்ந்து ஆற்றில் இறங்கியது. அதன் வழியில் கிடந்த வழுக்கி முழுசாக நனைந்தது. ரோமம் பளபளத்தது, வால் துடித்தது. "அக்..." என்று ஆரம்பித்தது, அந்தச் சொல் பாதியில் கீச்சென்று சீட்டியாகிப் போனது. சிலம்பாயியை ஒரு தரம் பார்த்தது. துள்ளி ஆற்றில் பாய்ந்தது. போயே போய்விட்டது.

தளபதியும் நாதஸ்வரக்காரரும் சமையல்காரியும் சோம்பல் முறித்துக்கொண்டு எழுந்தார்கள். "இன்னிக்கு என்ன கிழமை?" என்று கேட்டார்கள். ஏகசடையனுக்கு முந்நூறு வயசும் ஒரே மூச்சில் வந்து சேர்ந்தது. பல் கொட்டி, இடுப்பு வளைந்து, ஊஞ்சலை விட்டு இறங்க முடியாமல் "தாயி, என்னையும் கூட்டிக்கிட்டுப் போ" என்று கெஞ்சினான். நானாக இருந்தால் கிடடா என்று விட்டுவிட்டு வந்திருப்பேன். சிலம்பாயி அவனையும் கைத்தாங்கலாக ஏற்றினாள். நான்கு பேரையும் வைத்துச் சுழியைத் தாண்டித் துடுப்புப் போட்டாள். வழியெல்லாம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே வந்தாள். எங்கேயும் ஒரு மீசை தெரியவில்லை.

ராஜாவுக்குச் சேதி போனது. தளபதியைக் கொண்டு வந்து சேர்த்ததற்கு ராஜா அவளுக்குப் புதுப் பரிசல் ஒன்றும் பட்டுச்சேலை ஒன்றும் கொடுத்தார். சேலையைப் பெட்டியில் வைத்தாள். பரிசலை ஆற்றில் விட்டாள். ஊர்க்காரர்கள் வெட்கப்பட்டுக்கொண்டே வந்து, விடிந்ததிலிருந்து "பரிசலோய்! பரிசலோய்!" என்று காது கிழியக் கூப்பிட்டார்கள். ஆடிப்பெருக்கன்று மட்டும் முப்பது நடை போனாள்.

ஒரு நாள் ஆச்சு. இரண்டு நாள் ஆச்சு. மூன்று நாள் ஆச்சு. வேலைக்குக் குறைவில்லை, சிரிப்புக்கும் குறைவில்லை. ஆனாலும் வீட்டுக்கு வந்தால் அரிசிப் பானையை ஒரு தரம் எட்டிப் பார்ப்பாள். "அதது அததோட இடத்துக்குப் போகத்தானே வேணும்" என்று சொல்லிக்கொள்வாள். சொன்னாலும் கண் கலங்கும்.

நாலாம் நாள் காலை. பரிசல் நடு ஆற்றில் போய்க்கொண்டிருந்தது. அங்காயி தயிர்க்கூடையோடு உட்கார்ந்திருந்தாள். திடீரென்று பரிசல் விளிம்பில் இரண்டு முன்னங்கால் தெரிந்தன. அப்புறம் ஒரு மீசை. அப்புறம் தொப்பென்று, சொட்டச் சொட்ட நனைந்த ஒரு நீர்நாய் உள்ளே விழுந்தது. வாயில் இருந்த கெண்டை மீனைச் சிலம்பாயி மடியில் போட்டது. பாதியைத் தின்றுவிட்டு மீதியைத்தான் கொண்டு வந்திருந்தது, அது வேறு விஷயம். எதிர்ப்பக்கத்தில் வளைத்துப் படுத்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தது.

சிலம்பாயிக்குத் துடுப்பு நழுவியது. "எங்கேடி போனே? மூணு நாளா ஒரு கண்ணுக்குத் தூக்கம் இல்லைடி பாவி!" என்று அழுதாள், சிரித்தாள், வைதாள். அப்புறம் மூன்று நாளில் நடந்தது அத்தனையையும் ஒன்று விடாமல் சொல்ல ஆரம்பித்தாள். ராஜா கொடுத்த சேலை, முப்பது நடை, ஏகசடையன் இப்போது கோயில் வாசலில் பூ கட்டுகிற அழகு. நீர்நாய் காதை விறைத்துக்கொண்டு, நடுநடுவே கீச்கீச்சென்று சீட்டியடித்தது.

அங்காயி ஆச்சரியமாகப் பார்த்தாள். "ஏன்டி சிலம்பாயி, இது பேசுமா?"

"பேசாது" என்றாள் சிலம்பாயி. "ஆனா கேக்கும்."

பரிசல் கரை தட்டியாச்சு. கதையும் கரை தட்டியாச்சு. பார்த்து இறங்குங்கள், படி வழுக்கும்.